பழைய வீட்டுக் கணினியில் வைரஸ் சந்தேகம்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நான் திறந்து பார்க்க நேர்ந்த தமிழ் வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கின்றன. மகனோ மகளோ பொறியியல் படித்த காலத்தில், 2012, 2013 வாக்கில், கிராண்ட் ரோடு நிலையத்துக்கு அருகிலுள்ள லாமிங்டன் சாலைக் கடையொன்றில் அசெம்பிள் செய்து வாங்கியது; 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஆகப் பிறந்து பின்னாளில் விண்டோஸ் 10 ஆனது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட பிறகு, பென்ஷன் தாள்களும் பழைய கல்யாணப் புகைப்படங்களும் அடங்கிய பெட்டியாக அது கூடத்தின் மூலையில் நிற்கிறது. அது முரண்டு பிடிக்கும் நாளில் வீட்டில் எழும் முதல் சொல் 'வைரஸ்'. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே கேட்கும் முதல் சொல் 'ஃபார்மட்'. நான் பார்த்த வரையில், முதல் சொல் பல நேரங்களில் தவறு. இரண்டாவது சொல் அநேகமாக எப்போதுமே அவசரம். ஆகவே இங்கே அறிகுறியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கணினியில் தெரிவது எதுவோ அந்தப் பகுதியைப் படித்தால் போதும்; ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகவேண்டாம்.

கை வைப்பதற்கு முன்

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். கணினி சரியாகும் வரை வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் அதில் திறக்காதீர்கள். கடவுச்சொல்லை மாற்றவேண்டும் என்று தோன்றினால் கைபேசியிலிருந்து மாற்றுங்கள். தட்டச்சு செய்வதைத் திருடும் நிரல் உள்ளே இருந்தால், அதே கணினியில் புதுக் கடவுச்சொல்லைத் தட்டுவது பூட்டை மாற்றிவிட்டுச் சாவியைத் திருடனிடமே கொடுப்பதாகும்.

அடுத்து, திரும்பக் கிடைக்காதவற்றை, அதாவது புகைப்படங்கள், ஆவணங்கள், கணக்குத் தாள்கள் ஆகியவற்றை, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். (பென் டிரைவில் ஷார்ட்கட்கள், அதாவது வேறொன்றைத் திறக்கும் குறுக்குவழி ஐகான்கள், தோன்றுகின்றன அல்லது கோப்புகளின் பெயர்கள் மாறியிருக்கின்றன என்றால் மட்டும் இதைச் செய்யாமல், கீழே அந்தந்தப் பகுதிக்குப் போய்விடுங்கள்.) ஃபோல்டர் சாளரத்தின் வியூ பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைக் குறியிட்டுக்கொண்டால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் அதன் வகை தெரியும். இ.எக்ஸ்.இ., வி.பி.எஸ்., எல்.என்.கே. என்று முடிகிறவை நிரல்களும் ஷார்ட்கட்களும்; அவற்றை நகலில் சேர்க்காதீர்கள். நகலெடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். அதை உடனே மற்றொரு கணினியில் செருகிப் பார்க்கும் ஆவல் வேண்டாம்.

வலது கீழ் மூலையில் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தால்

என்னிடம் வரும் முறையீடுகளில் இதுவே முதலிடம். எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருக்கும் மாமாவுக்கு, 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்', 'உங்கள் பாதுகாப்பு இன்றோடு முடிகிறது' என்று சிறு பெட்டிகள் நாள் முழுவதும் வந்துகொண்டிருந்தன. அவர் இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுவி, இரண்டும் 'எதுவும் இல்லை' என்று சொன்ன பிறகு, வைரஸ் அவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்ற முடிவுக்கு வந்திருந்தார். பெட்டியை உற்றுப் பார்த்தபோது, எச்சரிக்கை வாசகத்தை ஒட்டிச் சிறிய எழுத்தில் குரோமின் பெயரும், வாயில் நுழையாத ஓர் இணையதள முகவரியும் இருந்தன. அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது: அறிவிப்பை அனுப்புவது கணினிக்குள் இருக்கும் நிரல் அன்று, என்றோ ஒரு நாள் 'தொடர்வதற்கு அலௌ என்பதை அழுத்துக' என்று கேட்ட ஒரு தளத்துக்கு நாமே கொடுத்த அனுமதி. கோப்பு எதுவும் இல்லாததால்தான் எந்த ஆன்டிவைரஸுக்கும் அது சிக்குவதில்லை.

குரோமில் மேலே வலப்புறமுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற வழியே செல்லுங்கள். அனுமதிக்கப்பட்ட தளங்களின் பட்டியலில் உங்களுக்கு அறிமுகமில்லாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள்; அதே பக்கத்தில், இனி எந்தத் தளமும் இவ்வனுமதியைக் கேட்கவே கூடாது என்றும் அமைத்துவிடலாம். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதே அமைப்பு உண்டு. மாமாவின் கணினியில் இது ஐந்து நிமிட வேலையாகத்தான் இருந்தது. அவர் நிறுவிய இரண்டு ஆன்டிவைரஸ்களையும் நீக்கத்தான் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே கணினியில் இருந்தால், ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று பிடித்துச் சோதித்து, 4 ஜி.பி. ரேமில் எஞ்சியிருக்கும் இடத்தையும் தின்றுவிடும். ஒன்று போதும், விண்டோஸ் 10-இல் கூடவே வரும் டிஃபெண்டர் வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதுமானது என்பது என் கருத்து.

திரை முழுவதும் அலறும் பக்கமும் ஒரு தொலைபேசி எண்ணும்

சிவப்புத் திரை, அபாயச் சங்கு, 'கணினியை அணைக்காதீர்கள், இந்த எண்ணை உடனே அழையுங்கள்' என்னும் குரல். இதுவும் வைரஸ் அன்று; பிரவுசரில் திறந்திருக்கும் ஒரு பக்கம், அவ்வளவே. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதே இல்லை என்பதை நினைவில் வைத்தால் பாதிப் பயம் போய்விடும். எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகினால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது, முன்பிருந்த பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே அந்த எண்ணை அழைத்து, மறுமுனையில் இருந்தவர் சொன்னபடி தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒரு நிரலை நிறுவிக் கணினியை அவர் கையில் ஒப்படைத்திருந்தால் கதை வேறு. இணையத்தை உடனே துண்டித்து, வங்கியை அழைத்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்கவேண்டும் என்பதால், கணினியைச் சுத்தம் செய்வதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தேடல் பக்கம் தானாக மாறினால்

கூகுளில் தேடினால் வேறெங்கோ போகிறது, முகப்புப் பக்கம் பெயர் தெரியாத தேடுதளமாக மாறியிருக்கிறது என்றால், பிரவுசரோடு சேர்த்து நிறுவும் சிறு துணை நிரல்களான எக்ஸ்டென்ஷன்களைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பி.டி.எஃப். மாற்றி, வீடியோ டவுன்லோடர், இலவச ஜாதகக் கணிப்பு என்று எதையோ நிறுவும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவையாக அவை இருக்கும். தெரியாதவற்றை நீக்கிவிட்டு, செட்டிங்ஸில் 'ரீசெட்' பகுதியில் மூல அமைப்புகளுக்குத் திரும்புங்கள். புக்மார்க்குகளும் சேமித்த கடவுச்சொற்களும் இதனால் அழியா. பிறகு கன்ட்ரோல் பேனலில் நிறுவப்பட்ட நிரல்களைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றை அகற்றுங்கள். அதன் பின்னும் திரும்பத் திரும்ப வந்தால், டெஸ்க்டாப்பிலுள்ள பிரவுசர் ஐகானின் பிராப்பர்டீஸில் 'டார்கெட்' வரியின் கடைசியில் ஏதேனும் இணைய முகவரி ஒட்டவைக்கப்பட்டிருக்கிறதா என்றும், இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் லேன் செட்டிங்ஸ் பகுதியில் பிராக்ஸி (இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியே திருப்பிவிடும் அமைப்பு) குறியிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் இவ்வகைத் தொல்லைகளுக்கென்றே வந்த இலவசக் கருவி, நிறுவாமலே ஓடும்.

பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறினால்

இது உண்மையான வைரஸ். ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகல் எடுக்கப் போன பென் டிரைவ் வீடு திரும்பும்போது இதைச் சுமந்து வருவது மும்பையில் இன்றும் நடக்கிறது. பென் டிரைவைச் செருகியதும் தானே ஓடும் வசதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7-இல் நிறுத்திவிட்டது, பின்னர் எக்ஸ்.பி.யிலும் அப்டேட் மூலம் நிறுத்தியது. தானே ஓட முடியாமற்போன வைரஸ், நம் கையாலேயே தன்னை ஓடவைக்கும் வழியைப் பிடித்துக்கொண்டது: நம் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்துடன் ஷார்ட்கட்களை வைத்துவிடுகிறது. நாம் வழக்கம்போல் இருமுறை சொடுக்கினால், ஃபோல்டரும் திறக்கும், பின்னணியில் வைரஸும் ஓடும். ஃபோல்டர் ஒழுங்காகத் திறப்பதால் பலருக்குப் பல மாதங்கள் சந்தேகமே வருவதில்லை. ஐகானின் இடது கீழ் மூலையில் இருக்கும் வளைந்த சிறு அம்புக்குறிதான் காட்டிக்கொடுக்கும்.

பதற்றத்தில் எல்லாரும் செய்வது பென் டிரைவை ஃபார்மட் செய்வது. அதைச் செய்யாதீர்கள், உங்கள் கோப்புகள் எங்கும் போகவில்லை, மறைந்துதான் இருக்கின்றன. முதலில் குணமாக்கவேண்டியது கணினியை. அதைச் செய்யாமல் பென் டிரைவை மட்டும் சுத்தம் செய்தால், செருகிய மறுகணமே ஷார்ட்கட்கள் மறுபடி முளைக்கும். பென் டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பகுதியைத் திறங்கள். 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்' என்ற பெயரில் ஒரு வரி அங்கே இருந்தால் பெரும்பாலும் அதுதான் ஆள். வீட்டுக் கணினியில் அது தொடக்கத்திலேயே ஓடவேண்டிய அவசியம் இல்லை. அதை முடக்கிவிட்டு, பின்னால் விவரித்துள்ள ஆஃப்லைன் சோதனையை நடத்துங்கள்.

கணினி சுத்தமான பிறகு, பென் டிரைவைச் செருகி, எந்த ஐகானையும் சொடுக்காமல் டிஃபெண்டரால் சோதியுங்கள். மறைந்தவற்றை வெளிக்கொணர ஒரு கட்டளை உண்டு. புணேயில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு இதைத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவருக்குச் சொன்னபடியே இங்கும் எழுதுகிறேன். கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'அட்ரிப்' (attrib) என்று ஆங்கிலத்தில் தட்டி ஓர் இடைவெளி விடுங்கள். பிறகு கழித்தல் குறியுடன் எச், கழித்தல் குறியுடன் ஆர், கழித்தல் குறியுடன் எஸ் என மூன்றையும் இடைவெளி விட்டுத் தட்டுங்கள். அடுத்து முன்சாய்கோட்டுடன் எஸ், முன்சாய்கோட்டுடன் டி. கடைசியில் பென் டிரைவின் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, நட்சத்திரக்குறி, புள்ளி, நட்சத்திரக்குறி. என்டர் தட்டிச் சற்றுப் பொறுத்தால் உங்கள் ஃபோல்டர்கள் வெளிவரும். சில வகைகளில், எல்லாக் கோப்புகளும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளப்பட்டிருக்கும். ஐகானுக்குக் கீழே வெற்றிடமாக இருக்கும் அந்த ஃபோல்டரை வைரஸ் என்று எண்ணி அழித்துவிட்டு வருந்தியவர்களை அறிவேன். உள்ளே இருப்பதை வெளியே எடுத்த பின்பே அதையும் ஷார்ட்கட்களையும் அழியுங்கள்.

கணினி ஆமையாகிவிட்டால்

மந்தம் மட்டுமே அறிகுறி என்றால் வைரஸைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' என்ற நெடுவரிசை 100 விழுக்காட்டில் நின்றுகொண்டிருந்தால், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கால் விண்டோஸ் 10-இன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நாள் எண்ணுகிறது. மஞ்சள் வந்துவிட்டால் முழு வைரஸ் சோதனை நடத்தாதீர்கள். நைந்துபோன டிஸ்க்கின் ஒவ்வொரு கோப்பையும் படிக்கவைக்கும் அச்சோதனையே அதன் கடைசி உழைப்பாகிவிடக் கூடும். முதலில் நகல், பிறகுதான் மற்றவை. டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமான சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால், அதே 2012-ஆம் ஆண்டுக் கணினி எழுந்து நடப்பதைப் பார்க்கலாம்.

திடீரென்று அணைந்துபோவதும் இப்படித்தான். மும்பையின் நான்கு மாத மழை ஈரமும் ஆண்டு முழுவதும் பறக்கும் தூசியும் சேர்ந்து, பிராசஸர் மேலிருக்கும் விசிறியின் இடுக்குகளைக் கம்பளிபோல் அடைத்துவிடும். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்னும் ஏறினால் கணினி அணைந்துவிடும். பிளக்கைக் கழற்றி, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, புளோயரால் ஊதுங்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அன்று' என்று வந்தால், மூலையிலுள்ள தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னோக்கிக் காட்டினால், மதர்போர்டிலுள்ள சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். தேதி தவறினால் தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் அந்த நாணய பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் தீர்ந்தது.

ஆன்டிவைரஸ் தானே அணைந்துகொண்டால்

இதுவும் ஷார்ட்கட்டைப் போலவே கவலைப்படவேண்டிய அறிகுறி. காலாவதியான வேறோர் ஆன்டிவைரஸ் டிஃபெண்டரை ஒதுக்கிவைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் அகற்றிவிடுங்கள். அதன் பின்னும் டிஃபெண்டர் எழவில்லையென்றாலோ, டாஸ்க் மேனேஜர் திறக்க மறுத்தாலோ, உள்ளே ஒருவன் இருக்கிறான் என்றே கொள்ளவேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற பட்டியலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சோதிக்கவேண்டாம் என்று விலக்கிவைத்த இடங்களின் பட்டியல் அது. ஒரு வீட்டில் சி டிரைவ் முழுவதுமே அதில் இருந்தது. எத்தனை முறை சோதித்தாலும் 'சுத்தம்' என்று வந்ததன் ரகசியம் அதுதான். விண்டோஸுக்குப் பணம் கட்டாமலிருக்க, பழுதுபார்த்தவர் போட்டுவிட்டுப் போன 'ஆக்டிவேட்டர்' நிரலின் கைவரிசையாக இருக்கலாம். அத்தகைய நிரல்கள் முதலில் டிஃபெண்டரை அணைக்கச் சொல்வது வழக்கம். இலவசம் என்று நினைத்ததற்கு இப்படி வேறு வழியில் விலை கொடுக்கிறோம்.

பட்டியலைக் காலிசெய்துவிட்டு, இணையத்தைச் சற்று நேரம் இணைத்து டிஃபெண்டரைப் புதுப்பியுங்கள். பிறகு வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்ஷனில் ஸ்கேன் ஆப்ஷன்ஸைத் திறந்து, டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் எழும் முன்பே சோதனை நடக்கும். வைரஸும் அப்போது உறங்கிக்கொண்டிருப்பதால் அதனால் ஒளிந்துகொள்ளவோ எதிர்க்கவோ முடியாது. சுமார் 15 நிமிடம் என்று சொல்லப்படுவது பழைய டிஸ்க்கில் இன்னும் நீளும், நடுவில் அணைத்துவிடாதீர்கள். டிஃபெண்டரே திறக்கவில்லையென்றாலோ, கணினி இன்னும் விண்டோஸ் 7-இல் இருந்தாலோ, நல்ல நிலையிலுள்ள வேறொரு கணினியில் காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க் என்ற சோதனை நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்கிச் சோதிக்கலாம். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017 முதல் நடத்திவரும் சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்திலும் இலவச நீக்கக் கருவிகள் கிடைக்கின்றன.

கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் புதிய எழுத்துகள் முளைத்தால்

புகைப்படங்கள் திறக்கவில்லை, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்கும் ஒரு சிறு கடிதம் இருக்கிறது என்றால் அது ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நிரல். வெளி டிஸ்க்குகளைப் பிடுங்குங்கள், இணையத்தைத் துண்டியுங்கள், கணினியை அணையுங்கள், இந்த வரிசையில். பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிடாதீர்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களுடன் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில், பூட்டப்பட்ட ஒரு கோப்பையும் அந்தக் கடிதத்தையும் கொடுத்தால், எந்த வகை என்பதையும், அதற்குத் திறவுகோல் இருக்கிறதா என்பதையும் அது சொல்லும். இன்று இல்லாத திறவுகோல் பின்னொரு நாளில் வெளிவந்ததுண்டு. ஆகவே அக்கோப்புகளை ஒரு பழைய டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள். பணம் கட்டவேண்டாம்; கட்டினாலும் திறந்துகொடுப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை.

ஃபார்மட் செய்யவேண்டிய நேரம்

ஆஃப்லைன் சோதனைக்குப் பிறகும் டிஃபெண்டர் எழவில்லை, அல்லது கணினி அந்நியர் கையில் சிறிது நேரம் இருந்தது, அல்லது ரான்சம்வேர் வந்து போயிற்று என்றால், அப்போது ஃபார்மட்தான் சரி. அதைக் கடைக்காரர் சொல்வதற்கு முன் நானே சொல்வேன். 8 ஜி.பி. பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே விண்டோஸை ஏற்றிக்கொண்டு, நிறுவும்போது பழைய பார்ட்டிஷன்களை, அதாவது சி, டி என்று டிஸ்க்கைப் பிரித்துவைத்த பகுதிகளை, நீக்கிவிடுங்கள். டி டிரைவில் புகைப்படங்கள் இருந்தால் அதுவும் போய்விடும் என்பதால், நகல் திறக்கிறதா என்று இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்த பின்பே நீக்குங்கள்.

எதை நிறுவுவது என்பது அடுத்த கேள்வி. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவுசெய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தார்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும் விண்டோஸ் 11, 2012-ஆம் ஆண்டுப் பெட்டியை முறைப்படி ஏற்காது. மின்னஞ்சல், புகைப்படம், கடிதம் ஆகியவை மட்டுமே வேலை என்றால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் 4 ஜி.பி. ரேமில் நிம்மதியாக ஓடும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. வருமான வரி, வங்கி வேலைகளுக்கு விண்டோஸ்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள், அவையெல்லாம் இப்போது பிரவுசரிலேயே நடப்பதை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். என் மாமனார் மூன்று நாள் முணுமுணுத்தார். நான்காம் நாள் சீட்டாட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

புதிதாக நிறுவியதும், தனியே வைத்த வெளி டிஸ்க்கைச் செருகி, எதையும் திறக்காமல் முழுச் சோதனை நடத்திய பின் புகைப்படங்களையும் ஆவணங்களையும் மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடைக்கென்று ஒரு சிறிய பென் டிரைவைத் தனியே ஒதுக்கி, அச்சிடவேண்டிய தாளைத் தவிர வேறெதையும் அதில் வைக்காமல், வீடு திரும்பியதும் ஃபார்மட் செய்துவிடுங்கள்.